கையேந்தலும் கையிருப்பும்

எழுதுகிறவனுக்குக் கணக்கு வழக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் நம் இலக்கிய வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே விக்கிபீடியாவின் கதையை எடுத்துக்கொள்கிறேன். 2003இல் ஆரம்பமான தமிழ் விக்கிபீடியாவில் நம் நாட்டவர் பலரும் ஒரு சதம் ஊதியமின்றி எழுதி வந்திருக்கின்றனர்.

அதனை நடத்தும் விக்கிமீடியா அமைப்பு அமெரிக்காவில் பதிவான, இலாப நோக்கற்ற ஒன்று. கடன் கழிந்த அதன் சொத்து 2004 ஜூனில் சுமார் 57 ஆயிரம் டொலர். 2011இல் 24 மில்லியன், 2016இல் 92 மில்லியன், 2021இல் 231 மில்லியன், 2024இல் 271 மில்லியன். இதற்குப் புறம்பாக 2016இல் ஒரு நிரந்தர நிதியத்தையும் தொடங்கினார்கள். பத்தாண்டில் 100 மில்லியன் சேர்ப்பதே இலக்கு, 2021லேயே சேர்ந்துவிட்டது.

சேமித்தது குற்றமா? இல்லை. 2022-23இல் செலவு 169 மில்லியன். கையிலிருந்தது ஒன்றரை வருடத்துக்குக் காணும். மழைக்காலத்துக்கு நெல் கட்டி வைக்காத வீடு எது? அந்தச் செலவில் 101 மில்லியன் சம்பளத்துக்கும் படிகளுக்கும் போனது. பக்கங்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் செலவு 3 மில்லியன்தான். பொறியியலாளரும் சட்டத்தரணியும் இன்றி இத்தனை பெரிய தளம் ஓடாது என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

என் சண்டை வேறு. நெற்கூடை நிரம்பியிருக்க, அடுப்பு அணைந்துவிடும் என்ற தொனியில் வாசகனிடம் கையேந்தியது சரியா? விக்கிபீடியாவின் சுதந்திரத்தைக் காப்பாற்றுங்கள் என்று இரந்து கேட்ட வருடங்களில்தான் கையிருப்பு வேகமாக ஏறியது. தேநீர்ச் செலவை மிச்சம் பிடித்து அனுப்பியவனுக்கு இந்த இலக்கங்கள் தெரிந்திருக்குமா?

தட்டிக் கேட்டவர்கள் அங்கே எழுதுகிறவர்களே. 2022 நவம்பரில், அந்த வாசகங்களோடு அறிவித்தல் போடக்கூடாது என்று ஆங்கில விக்கிபீடியாத் தொண்டர்கள் விவாதித்து முடிவெடுத்தார்கள். அமைப்பு வாசகங்களை மாற்றியது. கணக்காய்வு அறிக்கைகள் வருடாவருடம் பகிரங்கமாக வெளிவருவதால்தான் அவர்களால் இலக்கத்தோடு பேச முடிந்தது.

இனி நம் பக்கம். நான் அங்கத்தவனாயிருந்த ஒரு மன்றத்தில் வருடாந்தக் கூட்டம் மஃரிபுக்குப் பிறகு தொடங்கும். தனாதிகாரி ஒரு தாளை வாசிப்பார். இஷாவுக்கு நேரமாகிவிட்டதென்று யாரோ வழிமொழிவார்கள். நூல் வெளியீட்டு நிதியில் மீதி எவ்வளவு என்று ஒருமுறை கேட்டேன். “மாஸ்டர், நம்பிக்கை இல்லையா?” என்றார்கள். மறுவருடம் எனக்குக் கடிதம் வரவில்லை.

நான் கேட்டது அந்தத் தாளின் ஒரு பிரதியை மட்டுமே.