நம் கையில் இருப்பது யாருடைய மறைநூல்?

ஆண்டுதோறும் பொதுக்காலத்தின் 3ஆம் ஞாயிறு, திருச்சபை முழுவதிலும் இறைவார்த்தை ஞாயிறாகச் சிறப்பிக்கப்படுகிறது. அன்று திருவிவிலியத்தைப் பவனியாக எடுத்து வருகிறோம், தூபம் காட்டுகிறோம், மலர்களால் அணிசெய்த இடத்தில் அரியணை ஏற்றுகிறோம். மறைக்கல்வி மாணவர்களுக்கு விவிலிய வினாடி வினா நடத்துகிறோம். இவை அனைத்தும் நல்லவையே. ஆனால் விழா முடிந்த மறுநாள் அந்த நூலை நாம் எப்படித் திறக்கிறோம், எந்த மனநிலையோடு வாசிக்கிறோம் என்பதுதான் இன்று நம்முன் உள்ள கேள்வி.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று, புனித ஜெரோம் திருநாளில், இந்த ஞாயிறை ஏற்படுத்தினார். அதற்கு ஜனவரி மாதத்தை அவர் தேர்ந்துகொண்டதில் பொருள் உண்டு. ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கிறோம். இத்தாலி நாட்டுத் திருச்சபை 1990ஆம் ஆண்டு முதல் ஜனவரி 17ஆம் நாளை, யூதர்களோடு உள்ள உறவை ஆழப்படுத்தும் நாளாகக் கடைப்பிடித்து வருகிறது. யூத மக்களோடு நமக்குள்ள பிணைப்பை வலுப்படுத்தும் இந்தக் காலத்தோடு இறைவார்த்தை ஞாயிறு பொருந்தி வருவதைத் திருத்தந்தையே சுட்டிக்காட்டினார். நம் பங்குகளில் இந்த ஞாயிறைப் பற்றிப் பேசும்போது, பெரும்பாலும் நாம் மறந்துவிடுவது இதைத்தான்.

ஒரே நூல், இரண்டு வீடுகள்

நாம் பழைய ஏற்பாடு என்று அழைக்கும் நூல்களின் பெரும்பகுதி யூதர்களின் மறைநூல். திருச்சட்டம், இறைவாக்கினர்கள், எழுத்துகள் என்னும் மூன்று பிரிவுகளாக அவர்கள் அதைப் பகுத்து, 24 நூல்களாக எண்ணுகிறார்கள். கத்தோலிக்கரான நமக்குப் பழைய ஏற்பாட்டில் 46 நூல்கள். தோபித்து, யூதித்து, சீராக்கின் ஞானம் போன்ற இணைத்திருமுறை நூல்களையும் நாம் ஏற்பது இதற்கு ஒரு காரணம். யூதர்கள் ஒரே நூலாக எண்ணுபவற்றை நாம் பிரித்து எண்ணுவது மற்றொரு காரணம்.

வரிசையிலும் வேறுபாடு உண்டு. யூதர்களின் வழக்கமான வரிசை குறிப்பேட்டு நூலோடு முடிகிறது. நாடுகடத்தப்பட்டவர்கள் எருசலேமுக்குத் திரும்பலாம் என்று பாரசீக மன்னர் சைரசு விடுக்கும் அறிவிப்பே அதன் கடைசிச் செய்தி. கிறிஸ்தவ மரபிலோ இறைவாக்கினர் நூல்கள் இறுதியில் அமைந்து, எலியா மீண்டும் வருவார் என்ற மலாக்கியின் வாக்குறுதியோடு முடிகின்றன. அங்கிருந்து நாம் திருமுழுக்கு யோவானிடம் செல்கிறோம். ஒரே நூல்தான், ஆனால் யூதருக்கு அது திரும்பிச் செல்லும் வழியைக் காட்டுகிறது, நமக்கோ வரவிருப்பவரைக் காட்டுகிறது.

நமக்குக் கிறிஸ்துவே மறைநூலின் மையம். எம்மாவு வழியில் சீடர்களுக்கு மறைநூலை விளக்கியவர் அவர்தாம். ஆயினும் அவர் விளக்கியது மோசேயும் இறைவாக்கினர்களும் எழுதியவற்றை என்பதை மறந்துவிடக் கூடாது. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் அவர் கையில் எடுத்தது எசாயாவின் ஏட்டுச்சுருளை. 1947ஆம் ஆண்டு சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கண்டெடுக்கப்பட்ட எசாயா சுருள், அவர் பிறப்பதற்கும் முற்பட்டது. அத்தகைய சுருளை வாசித்த ஒரு யூதரைத்தான் நாம் ஆண்டவர் என்று அறிக்கையிடுகிறோம்.

பழைய தவறும் புதிய வெளிச்சமும்

2ஆம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர், பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று கற்பித்தார். உரோமைத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. ஆனால் அந்தச் சிந்தனை முற்றிலும் மறைந்துவிட்டதா? 'பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர்' என்று நம் மறைக்கல்வி வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுகிறதே! தாயின் அன்பைவிடக் கடவுளின் அன்பு பெரிது என்று பாடியவர் எசாயா அல்லவா?

இந்தப் பிளவைச் சரிசெய்யத் திருச்சபை நெடுந்தொலைவு நடந்துள்ளது. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' அறிக்கை, இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மீதும், இன்றைய யூதர்மீதும் சுமத்தக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. 2001ஆம் ஆண்டு திருத்தந்தையின் விவிலியக் குழு வெளியிட்ட ஏடு, யூதர்கள் தங்கள் மறைநூலை வாசிக்கும் முறையும் ஏற்கத்தக்க ஒன்றே என்றும், அதிலிருந்து கிறிஸ்தவர்கள் நிறையக் கற்றுக்கொள்ள முடியும் என்றும் கூறியது. 2019ஆம் ஆண்டு மே மாதம் உரோமையில் திருத்தந்தையின் விவிலிய நிறுவனம் பரிசேயர் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தியது. பரிசேயரைப் பற்றிய தவறான சித்திரிப்பு யூத வெறுப்புக்கு உரமிட்டதைத் திருத்தந்தை பிரான்சிஸ் அப்போது நினைவூட்டினார்.

நாமோ வெளிவேடக்காரரைத் திட்டுவதற்கு 'பரிசேயன்' என்ற சொல்லை எளிதாகக் கையாள்கிறோம். ஆனால் இயேசுவைத் தேடி வந்த நிக்கதேமும், திருத்தூதர்களுக்காகப் பரிந்து பேசிய கமாலியேலும், நம் பவுலடியாரும் பரிசேயர்களே.

வசனம் ஆயுதமாகும்போது

இது வெறும் கல்விச் சிக்கல் அன்று. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய கொடிய தாக்குதலுக்குப் பின், அம்மாத இறுதியில் இஸ்ரயேல் பிரதமர் நெதன்யாகு தம் உரையில் அமலேக்கியரை நினைவூட்டினார். அமலேக்கியரை அழித்துவிடும்படி சவுலுக்குக் கட்டளையிடப்பட்டதாகச் சாமுவேல் நூல் கூறுவதால், உலகெங்கும் அது அதிர்ச்சியை ஏற்படுத்தியது. தென்னாப்பிரிக்கா அனைத்துலக நீதிமன்றத்தில் அதைச் சுட்டிக்காட்டியது. இனஅழிப்புக்கான அழைப்பாக அதைக் கொள்வது தவறு என்று பிரதமரின் அலுவலகம் மறுத்தது.

அமலேக்கு என்பது இன்று இனங்காணக்கூடிய ஒரு மக்களினம் அல்ல என்றும், மனித உள்ளத்தில் உள்ள தீமையையே அது குறிக்கிறது என்றும் விளக்கிய யூத அறிஞர்கள் உண்டு. அந்த விளக்க மரபை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2025ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று காசாவில் உள்ள நம் திருக்குடும்ப ஆலயம் தாக்கப்பட்டு மூவர் இறந்தனர். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, யூதர்களின் புனித நாளில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழுகைக்கூடத்தின்மீது நடந்த தாக்குதலில் யூதர் இருவர் உயிரிழந்தனர். இரண்டு துயரங்களுக்காகவும் அழத் தெரியாதவர், மறைநூலைச் சரியாக வாசித்தவர் ஆகமாட்டார்.

நம் கைப்பேசிகளிலும் இந்தத் தவறு நடக்கிறது. போர்ச் செய்தி ஒவ்வொன்றையும் ஓர் இறைவாக்கின் நிறைவேற்றமாகக் காட்டும் பதிவுகளை நாம் யோசிக்காமல் பிறருக்கு அனுப்புகிறோம். அங்கே மடிகிற குழந்தைகள் நமக்கு வெறும் அடையாளங்களாகிவிடுகிறார்கள்.

நாம் கற்க வேண்டியது

யூத மரபில் மறைநூலைப் படிப்பதே ஒரு வழிபாடு. இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் படிப்பது அவர்கள் வழக்கம். ஹில்லேல், ஷம்மாய் ஆகியோரின் வழிவந்தவர்கள் முரண்பட்டபோது, இருவர் கருத்தையும் தல்மூது பதிந்து வைத்துள்ளது. 1923ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு திட்டப்படி, தல்மூதை நாளொன்றுக்கு ஓர் ஏடாக 2,711 நாள்களில் படித்து முடிப்பவர்கள் உலகெங்கும் உள்ளனர். திருச்சட்டத்தின் கடைசிப் பகுதியை வாசித்து முடிக்கும் விழா நாளிலேயே தொடக்க நூலை மீண்டும் வாசிக்கத் தொடங்குகிறார்கள். புனித ஜெரோமும் யூத ஆசிரியர்களிடம்தான் எபிரேயம் கற்றார்.

நாமும் சிலவற்றைத் தொடங்கலாம். நம் அன்பியக் கூட்டங்களில் நற்செய்தியோடு ஞாயிறு முதல் வாசகத்தையும் எடுத்துப் படிக்கலாம். இருவர் இருவராக அமர்ந்து, விடை சொல்லும் முன் கேள்வி கேட்கப் பழகலாம். 1995ஆம் ஆண்டு கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து தந்த பொது மொழிபெயர்ப்பு நம் வீட்டில் இருக்கிறது. அதன் முன்னுரைகளையும் அடிக்குறிப்புகளையும் வாசிக்கலாம். மறையுரையிலும் மறைக்கல்வியிலும் யூதரைப் பழிக்கும் சொற்களைத் தவிர்க்கலாம்.

மறைநூல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட செல்வம். நமக்கு முன்னே அதைக் காத்தவர்கள் இன்னும் நம்மோடு வாழ்கிறார்கள். அவர்களை மதித்து வாசிப்போம். அந்த நூலின் பெயரால் எவரும் காயப்படாதபடி வாசிப்போம். எம்மாவு வழியில் சீடர்களின் மனக்கண்களைத் திறந்த ஆண்டவர், நம் கண்களையும் திறப்பாராக.