வண்டி வராத ஊரில் தீக்குச்சிதான் ஊராட்சி



கொசு மருந்து ஸ்பிரே டப்பா ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற விடாதீர், காலியான பிறகும் துளையிடாதீர், நெருப்பில் போடாதீர் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். இந்த எச்சரிக்கை யாருக்கு? வாங்கியவருக்கு. ஆனால் வாங்கியவர் டப்பாவை நெருப்பில் போடுவதில்லை, குப்பையில்தான் போடுகிறார். நெருப்பு எரிவது வேறொரு இடத்தில், வேறொருவரின் முகத்துக்கு நேரே. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களை முன்வைத்து நாம் பேச வேண்டியது இதைத்தான்.

முதலில் ஆபத்தைப் புரிந்துகொள்வோம். காலி டப்பா காலியல்ல. மருந்தைப் பீய்ச்சி அடிப்பதற்காக உள்ளே அடைத்திருப்பது பெரும்பாலும் பியூட்டேனும் புரோப்பேனும். சமையல் எரிவாயு சிலிண்டரில் இருக்கும் அதே வாயுக்கள்தான். ஸ்பிரே வருவது நின்ற பிறகும் கொஞ்சம் மிச்சமிருக்கும். தீயில் விழுந்தால் உள்ளழுத்தம் ஏறி டப்பா வெடிக்கும். தகரச் சில்லுகள் கண்ணிலும் முகத்திலும் பாயும்.

வெடிச்சத்தம் எல்லோருக்கும் கேட்கும். புகை செய்யும் வேலை யாருக்கும் கேட்காது. கொசு ஸ்பிரேயில் பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்து இருக்கிறது. பெயின்ட் ஸ்பிரேக்களில் டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் இருக்கலாம். இவை குப்பையோடு அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஃபார்மால்டிஹைடும் நுண்துகள்களும் கிளம்பும். கூடவே பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் சேரும். கண்ணெரிச்சல், இருமல், தலைவலி, தலைசுற்றல் எல்லாம் உடனே தெரியும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறும். டையாக்சினோ உடலின் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். மண்ணிலும் நீரிலும் படிந்து மீனிலும் சேரும். ஏரியை நம்பி உண்பவர்களுக்கு இது இரண்டாவது தண்டனை.

இந்தப் புகையை யார் சுவாசிக்கிறார்கள்? சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இங்கே யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைப் பாடு முறை தீர்மானித்து வந்தது. அந்த உரிமை வழிவழியாகப் பட்டினவர் குப்பங்களுடையது. தலித் மீனவர்களுக்கும், சேற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் அதில் பங்கில்லை. தண்ணீரில் எல்லை போட்ட சாதி காற்றை மட்டும் விட்டுவைக்குமா? ஊர்க் குப்பை கொட்ட இடம் தேடும்போது தமிழ்நாட்டில் விரல் எந்தப் பக்கம் நீளும் என்பது நமக்குத் தெரியும்.

குப்பையை அள்ளும் கைகளும் நமக்குத் தெரிந்தவைதான். கழிவுநீர்க் குழாய், மலக்குழித் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேரைப் பற்றி ஒன்றிய அரசு 2024-இல் தந்த கணக்கில் ஏறத்தாழ 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். ஊராட்சிகளில் குப்பை அள்ளும் தூய்மைக் காவலர்களுக்குக் கிடைப்பதோ ஊதியம்கூட அல்ல, மதிப்பூதியம்.

சட்டம் என்ன சொன்னது? 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பூச்சிமருந்து டப்பாவையும் பெயின்ட் டப்பாவையும் வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. அவற்றைத் தனியாக வாங்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்றன. ஆனால் அந்த விதிகளில் மையம் நகரத்துக்கு மட்டும்தான் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் விதித்தது. மையம் நகரத்துக்கு, அபராதம் எல்லோருக்கும்!

2022 ஏப்ரல் இறுதியில் சென்னை பெருங்குடிக் குப்பைக்கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் பத்து நாளுக்கு மேல் புகைந்தது. மாநகரத்து மாடிகளுக்கும் புகை எட்டியதால் இவை பெரிய செய்தியாயின. குப்பத்து ஓரத்தில் எரியும் சின்னக் குவியலுக்கு எந்தக் கேமராவும் வராது.

"மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்பார்கள். குப்பை வண்டி வராத ஊரில் மக்களுக்குக் கிடைத்த ஒரே ஊராட்சி தீக்குச்சி. ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. குப்பங்களுக்கும் காலனிகளுக்கும் நாள் தவறாமல் வண்டி வர வேண்டும். டப்பாக்களைத் தனியாக வாங்க ஊராட்சி அளவில் ஏற்பாடு வேண்டும். விற்ற நிறுவனம் காலி டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை தமிழில், படிக்கும் அளவில் இருக்க வேண்டும். தூய்மைக் காவலருக்கு முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் முறையான ஊதியமும் வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொண்டுபோங்கள்.

அதுவரை ஒன்று செய்வோம். டப்பாவைத் துளையிடாமல், நசுக்காமல், வெயில் படாத இடத்தில் தனியே வையுங்கள். எரியும் குவியலில் டப்பா இருந்தால் கிளறப் போகாதீர்கள். பிள்ளைகளைக் காற்று வரும் பக்கமாகத் தூரமாக அழைத்துச் செல்லுங்கள். மூச்சு முட்டினாலோ மயங்கினாலோ 108-ஐ அழைத்து, என்ன எரிந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

1927-இல் மகாத் குளத்து நீரைப் பாபாசாகேப் அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல, உரிமைக்காக. நல்ல காற்றும் அப்படித்தான். அதை யாரும் நமக்குத் தானமாகத் தரப்போவதில்லை.

ஜெய் பீம்!