ஆங்கிலத்தில் பேதையர் பெயர்கள்

உலக வழக்கிற் பழகாதவனையும் அறிவே இல்லாதவனையும் ஒரே சொல்லால் அழைத்துவிடுதல் எளிது; நீதியன்று. ஆங்கில மொழியில் இவ்விருவரையுங் குறிக்குஞ் சொற்கள் மிகப் பல. ஆயினும் அவை யாவும் ஓரினத்தன அல்ல. யாம் மொழிபெயர்க்கப் புகும்போதோ, எல்லாவற்றையும் 'மூடன்' என்னும் ஒரு குழியிலே தள்ளிவிடுகிறோம்.

புதிதாய் ஒரு தொழிலிற் புகுந்தவனை ஆங்கிலர் 'கிரீன்ஹார்ன்' என்பர். பசுங்கொம்பு என்பது பொருள். கொம்பு புதிதாய் முளைத்த இளங்காளைக்குரிய இச்சொல், பின்னர்ப் படையிற் புதிதாய்ச் சேர்ந்தவனுக்கும், அதன்பின் எத்தொழிலிலும் பழகாதவனுக்கும் ஆயிற்று. 'காதின் பின்புறம் ஈரம் உலராதவன்' என்பது மற்றொரு வழக்கு. ஈன்ற கன்றின் காதுப்புறம் இறுதியிலே உலரும் என்பது அதன் கருத்து. 'காலோ' என்னுஞ் சொல் பழைய ஆங்கிலத்தில் வழுக்கையைக் குறித்தது. பின் இறகு முளையாத குஞ்சைக் குறித்து, இப்பொழுது முதிர்ச்சியில்லா இளைஞனைக் குறிக்கின்றது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே சுரங்கங்களுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் புதிதாய் வந்தோரை 'டெண்டர்புட்', அதாவது மெல்லடியார், என்றனர். (நம் பழம்புலவர் கேட்பின் மகளிரென்றே மயங்குவர்!) இவற்றிலெல்லாம் நகையுண்டு, நம்பிக்கையும் உண்டு. கொம்பு முற்றும், காது உலரும், இறகு முளைக்கும், அடி காய்த்துப் போம்.

1623-ஆம் ஆண்டில் முதன்முதல் அச்சேறிய சேக்ஸ்பியரின் 'அந்தோணியும் கிளியோபாத்திராவும்' என்னும் நாடகத்தில், அரசி தன் இளமையைச் 'சாலட் நாட்கள்' என்கிறாள். சமைக்காத பச்சிலையுணவு போன்ற காலமாம் அது! சீசர்மேல் தான் முன்பு கொண்ட காதலை அவ்வொரு சொல்லாலே தள்ளிவிடும் அவள் சாமர்த்தியம் மெச்சத்தக்கதே.

'சில்லி' என்பதன் சரித்திரமோ வருந்தத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் அதன் முன்னோன் பாக்கியம் பெற்றவனைக் குறித்தான். நாளடைவில் அது மாசற்றவன் என்றும், இரங்கத்தக்கவன் என்றும், வலியற்றவன் என்றும் இழிந்து, முடிவில் அறிவிலி என்றாயிற்று. கள்ளமின்மையை ஒரு சமூகம் படிப்படியாய் மதியாதொழிந்தமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ? 'நைஸ்' என்பது இதற்கு நேர்மாறு. அறியாதவனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிற் பிறந்து, ஆங்கிலத்தில் முதலில் மூடனைக் குறித்த அது, இன்று இனிமைக்குப் பெயராய் வாழ்கிறது. பிரெஞ்சு வழியாக வந்த 'நைவ்' என்பதற்கோ, மூலம் பிறப்பியல்பு என்னும் பொருளது. இயல்பாயிருத்தலே குறையாயிற்றுப் போலும்!

தமிழும் இத்தகைய விந்தைக்கு விலக்கன்று. வள்ளுவர் 'வெகுளாமை' என்று அதிகாரம் வகுத்தது சினத்தை விலக்குதற்கு. இன்றைய வழக்கில் வெகுளியென்பான் சூதறியாதவன். பேதை என்னுஞ் சொல்லை யாம் பெரிதும் விரும்புகிறோம். அது மடமையைக் குறிப்பினும், மகளிர் பருவம் ஏழனுள் முதலாவதற்கும் பெயராதலின், வளர்ச்சியைத் தன்னுள் அடக்கி நிற்கிறது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில், நீதிமொழிகளின் முதலதிகாரத்திலே 'சிம்பிள்' என்று வருமிடத்து, நம் தமிழ் வேதாகமத்திற் 'பேதைகள்' என்றே காண்கிறோம். கற்பிக்கத்தக்கோரைப் பற்றிய பேச்சாதலின், மூடரென்னாது விட்டது நன்று.

நாட்டுப்புறத்தினின்று முதன்முறை கல்லூரி விடுதிக்கு வரும் மாணவனை மூத்தோர் 'கிரீன்ஹார்ன்' என்று நகைப்பாராயின், அவன் பொறுத்துக்கொள்க. ஓராண்டிற் கொம்பு முற்றிவிடும். 'சில்லி' என்பாராயின், அச்சொல்லின் பழம்பொருளை எடுத்துக்காட்டி அவர்க்கு நன்றி கூறுக.