செக்ரோலில் ஓர் எண், பத்திரிகையில் ஒரு படம்

தமிழ்ப் பத்திரிகையைக் கையில் எடுத்தால் நினைவஞ்சலிப் பகுதியைப் பாராமல் பக்கத்தைப் புரட்டுகிறவர் நம்மில் மிகச் சிலரே. ஒரு மூதாட்டியின் படம். தோற்றம், மறைவு என இரண்டு தேதிகள். அன்புத் தாயே, பாசமிகு பாட்டியே என்று இரண்டு வரி. கீழே மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் பெயர்கள். பணம் கட்டி அதை வெளியிடும் பிள்ளைகளின் பாசத்தை நாம் குறை கூறவில்லை. பெற்றவளை நினைப்பது பிள்ளைக்கு அழகு. ஆனால் அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் அந்த அம்மையார் என்ன செய்துகொண்டிருந்தார்?

பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒரு சொல்லை நினைவஞ்சலியில் காண்பது அரிதாக இருக்கிறது!

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வீதியை நம் தோட்டத்துத் தாய்மார் அறிவார்கள். தீபாவளிக்கு முன், சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமையில் பஸ் ஏறி வந்து, கடை கடையாக விலை கேட்டு, பிள்ளைகளுக்கெல்லாம் எடுத்த பிறகு மிச்சக் காசில் தனக்கு ஒரு சேலை எடுப்பார்கள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு ஸ்டூடியோவில் குடும்பத்தோடு ஒரு படம். இன்று பத்திரிகையில் நாம் பார்க்கும் படங்களில் எத்தனையோ அப்படி எடுத்தவை. படத்தில் இருப்பது தீபாவளிச் சேலை. ஆண்டு முழுவதும் உடம்பில் கிடந்த பால்கறைச் சேலையை எவரும் படம் பிடிக்கவில்லை.

விடியுமுன் எழுந்து, உலை வைத்து, கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, இருட்டிலேயே நிரைக்குள் நுழைந்தவள் அவள். மரத்துக்கு மரம் உளி வைத்து, மங்கு மங்காகப் பால் சேர்த்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்தாள். வெட்டிய பிறகு மழை பிடித்துக்கொண்டால் பாலும் போயிற்று, கூலியும் போயிற்று. லயத்துக்குத் திரும்பினால் விறகும் தண்ணீரும் காத்திருக்கும்.

இதற்கு என்ன கொடுத்தார்கள்? 1928ல் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930ல் ரப்பர் விலை விழுந்ததும் அதையும் வெட்டி 40, 32 என்றார்கள். அதே மலை, அதே வாளி, அதே மழை. எட்டுக் காசு குறைவு மட்டும் பெண் என்பதற்காக!

செக்ரோல் எழுதும் நமக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அந்தப் புத்தகத்தில் அவளுக்கு ஓர் எண் உண்டு, வேலைக்கு வந்த நாளும் வராத நாளும் உண்டு, பிடித்தம் உண்டு. பெயரையும் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார்கள். செக்ரோலில் ஒரு பெயர், அடையாளக் கார்டில் வேறொரு பெயர் என்று பின்னாளில் அலைந்த பாட்டிமார் ஒருவர் இருவரா?

கிள்ளான் வட்டாரத்தில் 1941ல் மூண்ட வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். ஆர். எச். நாதனும் வை. கே. மேனனும் முன்னின்ற காலம். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். (கிராணி நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறோம், அந்த வரியைப் படிக்கும்போது கொஞ்சம் நெளியத்தான் வேண்டியிருக்கிறது.) எங்கள் பெண்கள் மேல் கை வைக்காதே என்பதும் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் எழுத்தில் இருந்தது. மே மாதத்தில் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. ஐந்து தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மானம் காக்கப்பட வேண்டியவர்கள் என்று பட்டியலில் ஒரு வரியாக நின்ற அந்தப் பெண்கள் யார், யார்? அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஷா ஆலமிலும் பூச்சோங்கிலும் அடுக்குமாடிகளில் இருக்கக்கூடும். அவர்களுக்கே தெரியாது.

அதற்கு அடுத்து வந்தது ஜப்பான்காரன் காலம். 1942, 43ல் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதைக்கென்று பல்லாயிரம் தோட்டத் தமிழரைக் கொண்டு போனார்கள். திரும்பாதவர் ஆயிரமாயிரம். தோட்டத்தில் தனித்து நின்ற பெண் மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பிள்ளைகளை வளர்த்தாள்.

அதே 1943ல் நேதாஜி கோலாலம்பூரில் பேசியதைக் கேட்ட 18 வயதுப் பெண் ஒருவர், காதில் கிடந்த வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். வசதியான வீட்டுப் பெண் ஜானகி. தகப்பனார் முதலில் இசையவில்லை. கேப்டன் லட்சுமி வீட்டுக்கே வந்து பேசிய பிறகுதான் இசைந்தார். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, அதன் துணைத் தளபதியாக உயர்ந்து, 1945ல் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கிய பின்வாங்கலில் படைப் பெண்களோடு நடந்தார். பின் 1946ல் மலாயா இந்தியர் காங்கிரசு தோன்றியபோது அதை உருவாக்கியவர்களில் ஒருவராக இருந்தார், மேலவை உறுப்பினரானார். ஆதி நாகப்பனின் துணைவியார் என்றே பலரும் அறிந்த அந்த அம்மையாருக்கு இந்திய அரசு 2000ல் பத்மஸ்ரீ அளித்தது. 2014 மே 9ல், 89ஆம் வயதில் மறைந்தபோது பத்திரிகைகள் அவர் வாழ்வை விரிவாகவே எழுதின. எழுதத்தான் வேண்டும். அது அவருக்கு உரிய மரியாதை.

ஆனால் அந்தப் படையில் அவரோடு அணிவகுத்தவர்களில் நிறையப் பேர் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள். வைரத் தோடு இல்லாதவர்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராத பலர் அதன் விடுதலைக்குத் துப்பாக்கி பிடித்தார்கள். சண்டை முடிந்ததும் மீண்டும் உளி பிடித்தார்கள். திருமணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பிறகு ஒரு நாள் பத்திரிகையில் அந்தப் படம், அந்த இரண்டு தேதிகள். பாட்டி பட்டாளத்தில் இருந்தவள் என்று பேரனுக்குச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

1943ல் 18 வயதாயிருந்தவர் இன்றிருந்தால் நூறு வயதைத் தொட்டிருப்பார். அந்தத் தலைமுறையிடம் கேட்கும் வாய்ப்பு ஏறக்குறையப் போய்விட்டது. அவர்கள் வயிற்றில் பிறந்து, அவர்கள் பின்னாலேயே நிரைக்குப் போன பெண்கள் இன்று எண்பதைத் தாண்டி வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். தோட்டங்கள் விற்கப்பட்டன. லயங்கள் இடிந்தன. செக்ரோல்கள் எந்த அடுப்புக்குப் போயினவோ!

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாயாரின், பாட்டியாரின் வாழ்க்கையை ஒரு பக்கம் எழுதி நமக்கு அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனை வயதில் உளி பிடித்தார், நாளுக்கு எத்தனை மரம், முதற்கூலி எவ்வளவு, வேலைநிறுத்தத்தில் நின்றாரா, சயாமுக்குப் போனவர் வீட்டில் யார், திரும்பியவர் யார். நினைவஞ்சலி போடுகிறவர்களும் தேதிகளுக்கு நடுவில் ‘இத்தனை ஆண்டு பால்வெட்டுத் தொழிலாளி’ என்று ஒரு வரி சேர்க்கலாம். அதற்கு அதிகச் செலவு ஆகாது. எழுத வராதவர்கள் கிளைச் செயலாளரிடம் வாயால் சொன்னால் போதும், அவர் எழுதி அனுப்புவார். பெயரை மட்டும் இரண்டு முறை கேட்டு எழுதச் சொல்லுங்கள்.