பூட்டிய அலமாரிக்கா பதவி உயர்வு?

ராசிபுரம், ஆத்தூர், எடப்பாடி அரசுக் கல்லூரிகளுக்குக் காலனிகளிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பட்டியலினத்தவருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியர்க்கு 2009-இல் கிடைத்த 3 சதவீத உள் ஒதுக்கீடு இந்த வாசலை இன்னும் அகலமாக்கியது. வீட்டில் புத்தகம் இல்லாத இவர்களுக்குக் கல்லூரி நூலகமே கதி.

அந்த நூலகரின் பதவி உயர்வை எது தீர்மானிக்கிறது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் வருகை நாட்கள், கருத்தரங்குகள், கணினிப் பட்டியல் ஆகியவற்றைப் பார்க்கின்றன. காணாமல் போன நூல்கள் அரை சதவீதத்துக்குள் இருந்தால் ‘நன்று’ என்கின்றன. எத்தனை மாணவர்கள் நூல் எடுத்துப் படித்தார்கள் என்பதற்குத் தனி மதிப்பீடு இல்லை.

இரவல் கொடுத்த நூல் தொலைந்தால் பதவி உயர்வுக்கு ஆபத்து. பூட்டி வைத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. நூலகரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, விதி அப்படி. ஆனால் காசுள்ளவர் கடையில் வாங்கிக்கொள்வார். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை எங்கே போகும்? ‘இவனை நம்பிக் கொடுக்கலாமா’ என்ற சந்தேகம் யார் மேல் முதலில் விழும் என்பதும் நாம் அறியாததல்ல.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூல்கள் பயன்படுவதற்கே என்பதை நூலக அறிவியலின் முதல் விதியாக 1931-இலேயே வைத்தார். பதவி உயர்வு விதியிலும் அது ஏற வேண்டும். பட்டியலின, முதல் தலைமுறை மாணவர்கள் எடுத்துப் படித்த நூல்களுக்கு மதிப்பெண் தர வேண்டும். நியாயமான இழப்பை நூலகர் தலையில் கட்டக் கூடாது.

மாணவர்களே, நூல் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நூலகம் சலுகை அல்ல, உரிமை.