தாங்கிக்குப் பங்கு, உழைப்பாளிக்குச் சிபாரிசுக் கடிதமா?

2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே கொஸ்லந்தையில் எனது கொட்டகையில் ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் நின்றது. நான் நீதிமன்றத்துக்குப் பேருந்திற் போய் வந்தேன். நாலுபேர் தள்ளினாற் கிளம்பும். எரிபொருள் நிலையம் வரை போய்த் திரும்பும். அவ்வளவே அதன் ஆயுள். ஆயினும் அரசாங்கத்தாரின் கியூஆர் பங்கீட்டில் அக்காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் உரித்து! மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர்; முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். வண்டியே இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு? பூச்சியம்.

அவ்வேளையில் அயல் தோட்டத்து விவசாயி ஒருவர் என்னிடம் வந்தார். லயத்தின் பின்னால் போஞ்சியும் தக்காளியும் போட்டிருந்தார். ஊவாவின் கோடையில் பயிர் வாடிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பம்புக்குப் பெற்றோல் வேண்டும். கேனைக் கொண்டு சென்றவரை, கேனுக்கு ஊற்றத் தடை என்று திருப்பியனுப்பிவிட்டனர். “ஐயா, பம்பைத் தலையில் சுமந்துகொண்டு வரிசையில நிக்கவா?” என்று கேட்டார். சட்டம் படித்த எனக்கு விடை தெரியவில்லை.

அன்று மாலை காரை வெளியே தள்ளி நிறுத்தினோம். எஞ்சின் குளிரும்வரை காத்திருந்து, பற்றரி இணைப்பைக் கழற்றி, பின்புறத்துத் தாங்கியின் அடியிலுள்ள வடிகால் திருகாணியைத் தளர்த்தி, கீழே ஒரு தகர வாளியை வைத்தோம். முதலில் வந்தது துருவும் நீரும். அதன் பின்னரே பெற்றோல். துணியில் வடித்து, கொடுத்த விலைக்கே கொடுத்தேன். பெற்றோலின் ஆவி காற்றிலும் கனமானது. நிலத்தோடு தவழ்ந்து தூரத்து அடுப்பையும் தேடிச் செல்லும். பத்தடி அறையில் விறகடுப்பும் படுக்கையும் ஒன்றாயிருக்கும் லயத்திலே இவ்வேலையைச் செய்ய எவனாவது துணிந்தால் என்னவாகும்? கேனைத் தடைசெய்த அதிகாரிகள் இதையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

நான் செய்தது குற்றமா? பதுக்கலைத் தடுக்கவே கேன் தடை என்றனர். தடுத்ததா? பழைய கார் வைத்திருந்தோர் நாட்டின் பல இடங்களிலும் வரிசையில் நின்று நிரப்பி, வீட்டிலே வடித்து, கறுப்புச் சந்தையிற் பல மடங்கு விலைக்கு விற்றனர். கார் வைத்திருந்த எனக்கே சலுகை. என்னைப் போன்றோரே அவ்விதியின் பயனாளிகள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

“விவசாய இயந்திரங்களுக்கு அதிகாரியின் சிபாரிசோடு விலக்கு உண்டே!” என்பார் சிலர். உண்டு. ஆனால் அச்சிபாரிசுக்குக் காணி எங்கே, உறுதி எங்கே என்று கேட்பார்களே! தலைமுறை தலைமுறையாய் அந்த மண்ணிலே உழைத்தவனிடம் ஓரடி நிலத்துக்கும் உறுதி இல்லை. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோதும், புதையுண்டோர் தமக்குச் சொந்தமில்லாத நிலத்திலேயே புதையுண்டனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், உன் தந்தை இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டது. 2022 இல் வண்டியின் பதிவெண் எங்கே என்று கேட்டார்கள். கேள்விதான் மாறியது, கேட்கப்பட்டவன் அதே தொழிலாளி.

மண்ணெண்ணெயையாவது விட்டுவைத்தார்களா? அதே ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாக உயர்ந்தது. முந்திய ஆண்டு இரசாயன உரத்தைத் திடீரெனத் தடைசெய்து விளைச்சலைக் கெடுத்தார்கள்; அதன்மேல் இதுவும் வந்து விழுந்தது. கார்க்காரனுக்கு மண்ணெண்ணெய் தேவையில்லை. லயத்து விளக்குக்கும் மீனவரின் படகுக்கும் அதுவே தேவை என்பது தெரியாமலா செய்தார்கள்?

கியூஆர் முறை 2023 செப்டெம்பர் முதலாந் திகதி நீக்கப்பட்டது. முடிந்த கதையை ஏன் கிளறுகிறீர் என்று கேட்கும் வழக்கறிஞ நண்பர்களுக்குச் சொல்வேன்: பங்கீட்டு விதிகள் நெருக்கடியின் நள்ளிரவில் அவசரமாய் எழுதப்படுபவை, முன்னைய தாளையே பிரதிசெய்வார்கள். ஆகவே இப்போதே கோருவோம். அடுத்த முறை பங்கு குடும்ப அட்டைக்கு வழங்கப்படட்டும். பயிர் செய்கிறான் என்று கிராம உத்தியோகத்தர் கண்ணாற் கண்டு கையொப்பமிட்டால் போதும்; காணி உறுதி கேட்கலாகாது. பம்புக்கும் மருந்து தெளிகருவிக்கும் முத்திரையிட்ட பாதுகாப்பான கலன்களில் அளந்து வழங்கட்டும். மலையக வாக்குகளைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றோர் இம்மூன்றையும் எழுத்திற் கேட்கட்டும். கேட்டார்களா என்பதை ஊவாவின் தோட்டந்தோறும் சென்று நாம் விசாரிப்போம்.