சிற்றாற்றுக்கு எத்தனை எசமானர்!

தம்பி! குற்றாலத்து மலையில் பிறந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியைத் தழுவும் சிற்றாறு, வழியெங்கும் அணைக்கட்டுகளில் தேங்கிக் கால்வாய் புகுந்து குளம் நிரப்புகிறது. குளம் நிறைந்தால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி குவியும். (அருவியில் குளித்துச் செல்வோர் இதை நினைப்பதில்லை, போகட்டும்!) இயற்கை இணைத்ததை அரசு கூறு போட்டது. மலை, வனத்துறைக்கு, ஆறும் பெருங்குளமும் நீர்வளத்துறைக்கு, 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள குளம், ஊராட்சி ஒன்றியத்துக்கு. கிணற்று நீரோ, ஆழத் துளையிடும் வசதி படைத்தவனுக்கு! நிலத்தடி நீரைக் காக்க 2003-இல் இயற்றிய சட்டம், நடைமுறைக்கே வராமல் 2013-இல் நீக்கப்பட்டது. மடை திறக்கக் கையெழுத்திடுபவர், கடைமடைக் கிணறு வற்றியதை எங்ஙனம் அறிவார்? ஆற்றுப்படுகை முழுமைக்கும் ஒரே திட்டம், அதை வகுக்கும் அவையில் கடைமடை உழவனுக்கு ஓர் இருக்கை. அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வா, தம்பி!